புகைக்குழாயில் படியும் அந்தக் கறுப்புக்கு என்ன பெயர்?

ஒன்ராறியோவிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். ரொறன்ரோவை விட்டு வடக்கே முஸ்கோக்கா பக்கம் வீடு வாங்கிப் போன நம்மவர்களுக்கானது. விறகு அடுப்பையும் அதன் புகைக்குழாயையும் வீட்டிலேயே எப்படித் துப்புரவாக்குவது என்று சொல்கிறது. முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரு சொல்லில் நிற்கிறேன்: கிரியோசோட்.

குழாயின் உட்சுவர் ஏறக்குறைய 120 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால், விறகுப் புகையில் இருக்கிற ஆவி அங்கேயே படிந்துவிடும். முதலில் தூளாக இருக்கும், பிறகு செதிலாகும், கடைசியில் கண்ணாடி பூசினதுபோல் மினுங்கும். மூன்றுமே எரியும். 'கரி' என்று எழுதினால் துடைத்தால் போகிற அழுக்கு என்று நினைத்துவிடுவார்கள். போன மாசியில் மாமா வீட்டுக் குழாய் தீப்பிடித்தது. பச்சை விறகு, இரவு முழுக்கக் காற்றுவாயை மூடி வைத்தது, இரண்டும் சேர்ந்த வேலை. ரயில் போவதுபோல் குழாய் இரைந்ததாம். அவருக்கு முன்பே அதைத் துப்புரவாக்கச் சொல்லியிருந்தார்கள். 'கரிதானே' என்று விட்டுவிட்டார். அந்தத் 'தானே' வராத சொல் வேண்டும்.

மதுரையிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, நல்ல வேளை, மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குறுந்தொகை 167ஐ எடுங்கள். கூடலூர் கிழார் 'குவளை உண்கண் குய்ப்புகை கழும' என்கிறார். தாளிப்புப் புகை கண்ணில் நிறைந்து கலக்கிறது. கழுமுதல் என்றால் கலத்தல், நிறைதல், செறிதல். புகை செறிந்து படிந்தது 'கழுமம்'. இரண்டாயிரம் ஆண்டாகப் புகையோடு சேர்ந்தே இருக்கிற வினை, இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

இன்னொன்று. 'விறகு அடுப்பு' என்று போட்டால் சமையல் அடுப்பு என்றுதான் படிப்பார்கள். குளிர்காயும் அடுப்புக்கு நெடுநல்வாடையில் 'பகுவாய்த் தடவு' இருக்கிறதே!

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, 'தடவைத் துப்புரவாக்குங்கள்' என்று எழுதினால் எதைத் தடவுவது என்று கேட்பார்கள். கணப்பு அடுப்பு என்றால் எல்லாருக்கும் விளங்கும். கழுமம் என்றதும் எனக்குக் கழுமரம்தான் நினைவுக்கு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். இந்த அறிக்கையைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் ஒட்சிசன், காபனோரொட்சைட்டு என்று படித்தவர்கள். அந்த வழக்கப்படி 'கிரியோசோட்டு' என்று போட்டு, அடைப்புக்குள் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் வேலை முடிந்தது. இல்லை, தமிழ்தான் வேண்டும் என்றால் 'புகையூறல்' என்று வைக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து, செவ்வாய் இரவு

அம்மா, ஊறல் இங்கே வேண்டாம். போலீஸ்காரர்கள் மலையில் போய் அழிப்பதெல்லாம் சாராய ஊறல்தான்.

ஒலிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ரயில் கட்டைகளுக்கு மரம் உளுக்காமல் பூசுகிற நிலக்கரித் தார் எண்ணெய்க்கும் இதே பெயர். தேடிப் பார்க்கிறவர் அது மரத்தைக் காக்கும் பூச்சு என்று படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

இந்தப் பெயரே அப்படிப் பிறந்ததுதான். 1832 வாக்கில் ரைகன்பாக் என்ற ஜெர்மானியர் பீச் மரத்தாரிலிருந்து இதைப் பிரித்தார். இறைச்சி கெடாமல் காப்பதைப் பார்த்து, கிரேக்கத்தில் ஊன், காப்பவன் என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். ஆகவே 'ஊன்காப்பி' என்று வைத்தால் மூலத்துக்கும் நியாயமாகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, பத்து நிமிடம் கழித்து

அந்த நியாயப்படி எங்கள் மாசிக் கருவாட்டையும் இதில் சேர்க்க வேண்டிவரும், அதுவும் புகை போட்டுக் காத்ததுதான். தம்பி கேட்டது தீப்பிடிக்கும் என்று தெரிவிக்கிற சொல். நாம் காப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்ராறியோவிலிருந்து, புதன் காலை

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாமா வீட்டுக்குப் போய்க் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். மூட்டுக்கு மூன்று திருகாணி. ஆறு அங்குலத் தூரிகையை விட்டு இழுத்ததும் செதிலெல்லாம் கொட்டியது. வளைவில் மட்டும் தூரிகை வழுக்கிக்கொண்டு போனது. விரலால் தொட்டேன், காய்ந்த தார் மாதிரியேதான், நகம்கூட இறங்கவில்லை. இன்னொரு விஷயம். குழாயின் ஒரு முனை சேலைக் கொசுவம்போல் நெளிந்திருக்கும், அந்த முனை அடுப்பைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் வழிகிற கசிவு மூட்டுக்கு வெளியே வராமல் அடுப்புக்குள்ளேயே இறங்கும். மாமா வீட்டில் ஒரு துண்டு தலைகீழாக மாட்டியிருந்தது, சுவரில் பழுப்புக் கோடு. அதற்குக் 'கொசுவ முனை' என்று எழுதிவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

கொய்யகம் என்போம் நாங்கள். ஆனாலும் கொசுவ முனை நல்ல சொல், அப்படியே இருக்கட்டும்.

பெரிய சொல்லுக்கு விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். 'காய்ந்த தார் மாதிரியே.' புகைத்தார்.

மதுரையிலிருந்து, புதன் மாலை

தார் ஆங்கிலம். தமிழில் தார் என்றால் மாலை, வாழைத்தார். நமக்குக் கீல் இருக்கிறது. பழைய விவிலியத் தமிழில் நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் பூசியது கீல்தான். 'புகைக்கீல்' என்று வையுங்கள். கழுமத்தை விட்டுவிடுகிறேன், இதை விடமாட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து

ஐயா, எனக்கும் கீல் பிடிக்கும். ஆனால் இன்று கடையில் கீல் கேட்டால் கதவுக்கு மாட்டுகிறதைத்தான் எடுத்துத் தருவார்கள். புகைக்குழாயும் கதவும் உள்ள அடுப்பில் 'கீலைச் சுரண்டுங்கள்' என்றால் கதவைக் கழற்றிவிடுவார்கள். ஊன்காப்பியைத் திரும்பப் பெறுகிறேன். என் கை புகைத்தாருக்கு.

ஒன்ராறியோவிலிருந்து, வியாழன் இரவு

தனிமடலில் எழுதினவர்களையும் சேர்த்து ஆறு பேரில் நாலு பேர் புகைத்தார் என்கிறார்கள். அதையே போட்டு அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் இப்படி வருகிறது: 'குழாயில் படிவது வெறும் கரி அல்ல, புகைத்தார். தீப்பிடித்தால் குழாய்க்குள் வெப்பம் 1,000 பாகையைத் தாண்டலாம். 3 மில்லிமீற்றர் படிந்தாலே துப்புரவாக்குங்கள். தூரிகைக்கு அசையாத மினுங்கல் இருந்தால் அடுப்பை மூட்டாமல் தொழிலறிந்தவரைக் கூப்பிடுங்கள்.' 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள விறகு வேண்டாம் என்பதும், சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் வீட்டுக்கு வெளியே வைக்கச் சொல்வதும் இரண்டாம் பக்கம். சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் கிடக்கும்.

மதுரையிலிருந்து, வெள்ளி விடியற்காலை

அனுப்பியாயிற்று என்றால் சரி. என் கருத்து கீல்தான் என்று பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது சொல்லுங்கள், மறுபடி வருகிறேன். அப்புறம், அந்தக் கொசுவ முனை வரியைத் தடித்த எழுத்தில் போட்டீர்களா? மாமா மறுபடி தலைகீழாக மாட்டிவிடப் போகிறார்.