52 வயதில் மஸ்டா ரோட்ஸ்டர்: மகளின் பணத்தை ஏற்கலாமா? மலைநாட்டு மழைக்கு அந்தக் கார் தாங்குமா?

கொழுந்துமலை (ஹட்டன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகின்றேன். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். என் ஒரே மகள் கடந்த ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, இப்போது கொழும்பில் வேலை செய்கின்றாள். பட்டமளிப்பு நாளில் தன் அங்கியைக் கழற்றி அப்பாயியின் தோளில் போட்டு அவள் எடுத்துக்கொண்ட புகைப்படம் எங்கள் வரவேற்பறையில் மாட்டப்பட்டுள்ளது. அதைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் நான் ஒரு கணம் நின்றுவிடுகின்றேன்.

அதே போல நான் நின்று பார்த்த இன்னொரு படமும் உண்டு. 1990ஆம் ஆண்டளவில், தோட்ட முகாமையாளர் குடியிருந்த துரை பங்களாவில் சமையல் வேலை செய்த என் மாமா, அங்கே கழித்துப் போடும் மோட்டார் சஞ்சிகைகளை தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கொண்டுவருவார். எங்கள் காம்பரா (அறை) சுவரில் அவற்றைச் சோற்றுப் பசையால் ஒட்டுவோம். நான் படுக்கும் பாய்க்கு நேர் எதிரே இருந்த தாளில், கூரை திறந்த, முகப்பு விளக்குகள் தவளைக் கண்களைப் போல மேலெழுந்த சிவப்பு நிறக் கார் ஒன்று இருந்தது. மஸ்டா எம்.எக்ஸ்-5 என்பது அதன் பெயர் என்றும், ஜப்பானில் அதை யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள் என்றும் பின்னர் அறிந்தேன்.

இப்போது கண்டியில் 1990ஆம் ஆண்டின் 1.6 லீற்றர் ரோட்ஸ்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கின்றது. லீசிங் எடுக்காமல் என் சேமிப்பிலிருந்தே வாங்க முடியும். வீட்டுக் கடனும் முடிந்துவிட்டது. ஆனால் மகள், "என் படிப்புக்காகத்தானே இதைத் தள்ளி வைத்தீர்கள், பாதிப் பணத்தை நான் தருகின்றேன்" என்று பிடிவாதமாக இருக்கின்றாள். உழைக்கத் தொடங்கிய பிள்ளையின் கையிலிருந்து என் ஆசைக்குப் பணம் வாங்க மனம் ஒப்பவில்லை. நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் உறவினர்களின் முன்னால் இரண்டு இருக்கைக் காரில் போய் இறங்குவது சரிதானா என்ற கேள்வியும் உறுத்துகின்றது. அனுபவமுள்ளவர்கள் வழி காட்டுங்கள்.

கட்டுகஸ்தோட்டை கராஜ் எழுதியது:

வணக்கம் ஐயா. பணத்தைப் பற்றிக் குடும்பத்தவர்கள் சொல்லட்டும். நான் காரைப் பற்றி மட்டும் சொல்கின்றேன்.

முதலில் பத்திரம். காரின் செசி இலக்கம் எஞ்சின் அறையின் பின்சுவரில் அடிக்கப்பட்டிருக்கும், 1.6 லீற்றர் ஜப்பானிய ரோட்ஸ்டரில் அது என்.ஏ.6.சீ.ஈ. என்ற எழுத்துகளுடன் தொடங்க வேண்டும். அதையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உறுதிப்படுத்திக்கொள்ளாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது துரு. நம் பக்க மழையில் இந்தக் காரைத் தின்பது அதுதான். துணிக் கூரையில் விழும் தண்ணீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள சிறு வடிகால்களின் வழியே கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளைகள் அடைபட்டால், கதவுக்குக் கீழே நீளமாகச் செல்லும் பெட்டிப் பகுதிக்குள் தண்ணீர் தேங்கி, வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளேயிருந்து இரும்பு கரைந்துவிடும். ஆகவே, ஒரு கோப்பைத் தண்ணீரை அந்த வடிகாலில் மெல்ல ஊற்றி, பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே ஒழுகுகின்றதா என்று பாருங்கள். இருக்கைக்குப் பின்னாலுள்ள விரிப்பைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள பகுதியில் வைத்துப் பார்த்தால், ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பல்ல, துருவை மறைக்கப் பூசிய புட்டிப் பசை. அந்த டிங்கர் வேலையைச் சரியாகச் செய்ய எஞ்சின் வேலையைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

எஞ்சின் பொதுவாக உறுதியானது. ஆனால் தொடக்க கால 1.6 எஞ்சின்களில் கிராங்கின் (எஞ்சினின் சுழல் தண்டின்) முன்முனை பலவீனமாக இருந்தது. 1991இல்தான் அதைத் திருத்தினார்கள். எஞ்சின் ஓடும்போது அந்த முனையில் பொருத்தியுள்ள கீழ்ப்புல்லி (பெல்ட் ஓடும் சில்லு) ஆடாமல் நேராகச் சுழல்கின்றதா என்று கவனியுங்கள். டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ஆதாரம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, விலையில் கழித்துக் கேளுங்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறிப் பழகிவிட்டதால், விற்பவர் சொல்லும் விலையைக் கண்டு அவசரப்பட வேண்டாம்.

பண்டாரவளை ஓட்டுநர் எழுதியது:

சேர், இதே மாதிரியை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கின்றேன். மேலே உள்ள நண்பர் சொன்ன வடிகாலை நான் மாதம் ஒரு முறை சுத்தம் செய்கின்றேன்.

ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, பின்சக்கர இழுவை. வழுக்கும்போது உதவிக்கு வரும் மின்னணுச் சாதனம் எதுவும் அந்தக் காலத்துக் காரில் இல்லை. மழை நாளில் வளைவுகளில் மலையிலிருந்து இறங்கும் மண்ணும், பஸ்கள் சிந்தும் டீசலும் சேர்ந்து கிடக்கும். அதனால் டயர்தான் உயிர். பழைய டயரில் பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரத்தையும் கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதென்றால் நான்கையும் மாற்றிவிடுங்கள். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகப் புசல்லாவைக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், இரண்டாம் மூன்றாம் கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடியுங்கள்.

இந்தக் காரை உருவாக்கியவர்கள், குதிரையும் அதன் மேலிருப்பவனும் ஓருடலாவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொற்றொடர் ஒன்றைத் தங்கள் நோக்கமாக வைத்திருந்தார்கள். தலவாக்கலைப் பாதையில் நாற்பது கிலோமீற்றர் வேகத்தில், கூரையைத் திறந்து, தொழிற்சாலையில் தேயிலை வாடும் வாசத்தோடு போகும்போது அது உங்களுக்கு விளங்கும். கல் பதித்த தோட்டப் பாதைகளில் மட்டும் இறக்காதீர்கள், அடி தட்டும்.

தலவாக்கலை அம்மா எழுதியது:

தம்பி, நான் ஓய்வு பெற்ற தாதி. என் மகன் வைத்தியரான ஆண்டில் எனக்குத் தங்க வளையல் வாங்கி வந்தான். "உனக்கே ஆயிரம் செலவு இருக்கின்றது" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அவன் எதுவும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். பதினோரு ஆண்டுகள் ஆகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. பாதிப் பணம் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் வெறுங்கையோடு மட்டும் பிள்ளையை அனுப்பாதீர்கள். அந்த நான்கு டயர்களையும் அவள் வாங்கித் தரட்டும்.

உறவினர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களிடம் கணிதம் படித்த பிள்ளைகளின் பெற்றோர்தானே அவர்கள்? காரை வாசலில் நிறுத்தி, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றி உட்கார வையுங்கள். அப்போது அது உங்கள் கார் மட்டுமாக இருக்காது.

கொழுந்துமலை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குப் போய்ப் பார்த்தேன். இலக்கங்கள் பொருந்துகின்றன, கீழ்ப்புல்லி நேராகச் சுழல்கின்றது. இடப்பக்க வடிகாலில் ஊற்றிய தண்ணீர் இறங்கவேயில்லை. அதே பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் காந்தமும் ஒட்டவில்லை. டிங்கர் வேலைக்கான மதிப்பீட்டைக் கேட்டு, அதை விலையிலிருந்து கழிக்கச் சொல்லியிருக்கின்றேன். உரிமையாளர் வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகக் கூறினார். டயர்களில் இருப்பது 2014ஆம் ஆண்டின் இலக்கம்.

தலவாக்கலை அக்கா, உங்கள் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். தொலைபேசியில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, டயரின் அளவு என்னவென்று கேட்டாள். 185/60, பதினான்கு அங்குலம் என்று சொன்னேன்.