வாழைப்பழத்தைத் தொட்டால் பூனை குதிக்கணும்: லியோனார்டோ தொடு விளையாட்டு அனுபவங்கள்

ஈயப்புகை:
பழத்தைத் தொட்டால் கணினி விளையாட்டில் பூனை குதிக்க வேண்டுமா? அதற்கென்றே விற்கும் மேக்கி மேக்கி போர்டு இல்லாமலே பழத்தைக் கீபோர்டாக்க, புரோகிராம் ஏற்றி ஓட்டும் சிறு சர்க்யூட் போர்டான ஆர்டுயினோ லியோனார்டோ போதும். இன்னொரு ஆர்டுயினோ போர்டான ஊனோ சரிப்படாது, லியோனார்டோவின் 32யு4 சிப்தான் யுஎஸ்பியில் தன்னைக் கீபோர்டு என்று காட்டிக்கொள்ளும். ஏ0 முதல் ஏ3 வரை, போர்டில் வயர் செருகும் ஒவ்வொரு பின்னிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டர். அதே பின்னிலிருந்து முதலை கிளிப் வயர் பழத்துக்கு. போர்டின் ஜிஎன்டி பின்னிலிருந்து வரும் கிரவுண்ட் வயர் ஆடுபவரின் இன்னொரு கையில். அதைப் பிடிக்காமல் "வேலை செய்யல" என்பவர்களே அதிகம்.

சிப்புக்கு உள்ளேயே புல்-அப் (பின்னை 5 வோல்ட்டை நோக்கி இழுக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறதே என்பார்கள். பத்தாது. பழமும் தோலும் சேர்த்து 300 கிலோஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மெகாஓம் போட்டிருந்தால், தொட்டதும் அனலாக் ரீடிங் (பின்னின் வோல்ட்டேஜை 0 முதல் 1023 வரை எண்ணாகக் காட்டுவது) 1023-லிருந்து 236-க்கு இறங்கும். உள்ளிருக்கும் 30 கிலோஓம் சொச்சத்தோடு 930-லேயே நின்றுவிடும்.

மில்லிவோல்ட்:
236 கணக்குக்குச் சரி. விரல் உலர்ந்திருந்தால் 500-க்குக் கீழேகூட இறங்க மறுக்கும். யாரோ எழுதிய புரோகிராம் கோடில் இருக்கும் எண்ணை நம்பாமல், ரீடிங்கைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் தொட்டும் விட்டும் பாருங்கள். வரம்பு இரண்டு வேண்டும்: 400-க்குக் கீழே போனால் அழுத்தம், 700-க்கு மேலே வந்தால் விடுவிப்பு. ஒன்றே வைத்தால் பூனை நடுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உடம்பு வழியாக ரீடிங்கில் ஏறும். 1 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக 20 ரீடிங் எடுத்துச் சராசரி போட்டால் ஒரு முழுச் சுற்று அடிபட்டுப் போகும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஆடுங்கள்.

பின்13:
சராசரி சரிதான் சார், ஆனால் ஒரு பின்னை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நான்குக்கும் 80 மில்லிசெகண்ட் ஆகி, குதிப்பு தாமதமாகும். 2 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நான்கையும் சுற்றிவந்து, பின்னுக்கு 10 ரீடிங் எடுத்தால் அதே 20 மில்லிசெகண்ட் நிரம்பும். அப்போதுதான் அடுத்த வில்லங்கம்: ஒரு பழத்தைத் தொட்டால் பக்கத்துப் பழமும் அழுந்தும். வோல்ட்டேஜை எண்ணாக்கும் ஏடிசி-யின் உள்ளே இருக்கும் குட்டிக் கெப்பாசிட்டர் முந்தைய பின்னின் வோல்ட்டேஜைப் பிடித்துவைத்திருக்கும். 1 மெகாஓம் வழியாக அது சீக்கிரம் மாறாது. பின் மாற்றியதும் ஒருமுறை படித்து வீசிவிட்டு, 100 மைக்ரோசெகண்ட் கழித்து மறுபடி படியுங்கள்.

ஈயப்புகை:
கோடு ஏற்றும் முன் 2-ஆம் பின்னில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள், அது ஆனில் இருந்தால் மட்டும் கீ அனுப்பட்டும். இல்லாவிட்டால் போர்டு கணினியில் கண்டதையும் தட்டித் தள்ளும். அப்படி மாட்டினால் ரீசெட் அழுத்துங்கள். புதுக் கோடை வாங்கி ஏற்றும் பூட்லோடர் 8 செகண்ட் காத்திருக்கும், அதற்குள் வெற்றுக் கோடை ஏற்றிவிடலாம்.