வெல்டிங் மெஷினை ஏசி பாயிண்டில் போடலாமா?

மாடித்தோட்டக்காரன்:
பந்தல் போட முக்கால் இன்ச் ஸ்கொயர் டியூப் வாங்கி வைத்து மூன்று வாரம் ஆகிறது, வெல்டர் தினமும் "நாளைக்கு வர்றேன் சார்" என்கிறார். பொறுமை போய் 200 ஆம்ப் என்று எழுதிய சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரித்தால் பிளக்கே இல்லை, மூன்று ஒயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மாடி அறையில் ஏசிக்கு என்று இழுத்த பாயிண்ட் சும்மா இருக்கிறது, கீழே கிரைண்டர் ஓடும் 16 ஆம்ப் பிளக் இருக்கிறது. சிங்கிள் பேஸ். எதில் போடலாம்? 200 ஆம்ப் என்றதும் வீட்டில் பயப்படுகிறார்கள்.

பழைய ஒயர்மேன்:
தம்பி, 200 என்பது வெல்டிங் ராடு முனையில் வரும் கரண்ட், அங்கே வோல்டேஜ் இருபத்துச் சொச்சம்தான். சுவரிலிருந்து இழுப்பது வேறு கணக்கு. 2.5 எம்எம் தடிமன் ராடுக்கு மெஷினில் 80 ஆம்ப் வைத்தால், மெஷினின் நஷ்டம், பவர் ஃபேக்டர் எல்லாம் சேர்த்து 230 வோல்ட்டில் சுமார் 14 ஆம்ப் இழுக்கும். 3.15 ராடு போட்டு 120க்குத் திருப்பினால் 20ஐத் தாண்டும். முழுதாக 200 வைத்தால் 40 பக்கம் போய்விடும், அது வீட்டுப் பாயிண்டுக்கான வேலையே இல்லை.

ஏசி பாயிண்டில் போடுங்கள். ஆனால் மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றிப் பாருங்கள், 4 ஸ்கொயர் (சதுர எம்எம்) ஒயரும் 20 ஆம்ப் எம்சிபியும் (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) இருந்தால் சரி. இரும்புப் பெட்டி சாக்கெட்டாக இருந்தால் அதற்குரிய 20 ஆம்ப் பிளக் டாப்பையே வாங்குங்கள். பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். எர்த்தை மடித்து டேப் சுற்றி விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலை வேண்டாம்.

மாடித்தோட்டக்காரன்:
பார்த்துவிட்டேன் அண்ணா, 4 ஸ்கொயர்தான், 20 ஆம்ப். ஒரு சந்தேகம், கிரைண்டர் பிளக்கிலும் 16 ஆம்ப் எம்சிபி இருக்கிறதே, அதிகமானால் அதுவே விழுந்துவிடாதா?

கேட்டுக்காரர்:
நானும் இப்படித்தான் நம்பினேன். 16 ஆம்ப் எம்சிபி 18 ஆம்ப் போனால் ஒரு மணி நேரம் ஆனாலும் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை, 23 ஆம்ப் போனாலும் ஒரு மணி நேரம் வரை தாங்கலாம், அது அப்படிச் செய்யப்பட்டதுதான். எங்கள் வீட்டு கேட்டுக்குக் கீல் வைக்கும்போது 3.15 ராடில் விடாமல் அடித்தேன். எம்சிபி அசையவில்லை. கருகிய வாசனை வந்ததும் பிளக்கைப் பிடுங்கினால் பேஸ் பின் பழுப்பேறி, சாக்கெட் துளையின் விளிம்பு உருகிக் கோணலாகிவிட்டது. பத்து வருடம் கிரைண்டரைச் செருகிப் பிடுங்கித் தளர்ந்துபோன துளை அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள்.

பழைய ஒயர்மேன்:
சரியாகச் சொன்னார். இன்னொன்று, எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 2.5 ஸ்கொயருக்குக் குறையாமல், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுற்றியபடியே விட்டால் உள்சுற்று வெந்துவிடும்.

ராத்திரி ஷிப்ட்:
ஏசி பாயிண்டில் ஸ்டெபிலைசர் தொங்கினால் அதன் வழியாகக் கொடுக்காதீர்கள். வீட்டு யுபிஎஸ் லைனிலும் வேண்டாம். அதையும் நாம் "இன்வெர்ட்டர்" என்றுதான் சொல்கிறோம், என் மச்சான் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அதில் செருகப் போனார்! ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் ஏன் விழுகிறது என்று பாருங்கள், அதைத் தாண்டி லைன் எடுக்க வேண்டாம். மெஷினிலிருந்து வரும் எர்த் கிளாம்பை (இரும்பைக் கவ்வும் கிளிப்) வெல்டு வைக்கும் டியூபிலேயே மாட்டுங்கள், மாடிக் கைப்பிடியில் அல்ல. அப்புறம், பக்கத்து வீட்டுக்குக் காசுக்குச் செய்து கொடுக்க ஆரம்பிக்காதீர்கள், வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள்.

மாடித்தோட்டக்காரன்:
நேற்று போட்டாயிற்று. 2.5 ராடு, 80. பிளக் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை, விளக்கு மட்டும் ராடு தொட்டபோதெல்லாம் லேசாக மங்கியது. ஆனால் முதல் மூன்று டியூபில் ஓட்டை விழுந்துவிட்டது.

பழைய ஒயர்மேன்:
மெல்லிசு டியூபுக்கு 80 அதிகம் தம்பி. 2 எம்எம் ராடு வாங்கி 45, 50இல் வையுங்கள். இழுத்துக்கொண்டே போகாமல் பொட்டுப் பொட்டாக வைத்துப் பழகுங்கள். ஓட்டை விழுந்த பக்கத்தைக் கீழே திருப்பிவிட்டால் கொடி மூடிக்கொள்ளும்.