பெட்ரா: விடைபெற்றுப் போனவர்கள் திரும்பி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கடைசிவரிசை ஜெபா:

2005 டிசம்பர் 31, டென்னசி மாநிலத்து மர்ஃபிரீஸ்பரோ. அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் குழு பெட்ராவின் விடைபெறும் கச்சேரி. இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அட்லாண்டாவிலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். "வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையை விட்டுட்டு கச்சேரிக்கா போற?" என்று அம்மா போனில் கேட்டார். பதில் சொல்லவில்லை. வருஷம் மாறும்போது அரங்குக்குள்தான் நின்றிருந்தேன்.

பாட்டைப் பற்றிப் பேச வரவில்லை. என்னை இன்னும் அரிப்பது அதற்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. நல்ல குளிர். பக்கத்து வண்டிக்காரர் ஒரு வெள்ளைக்காரர், ஐம்பது வயதிருக்கும். 1987 சுற்றுப்பயணத்து டி-ஷர்ட், வெளுத்துப்போனது, அதைக் கோட்டுக்கு மேலேயே மாட்டியிருந்தார். அழுதுகொண்டிருந்தார். நானும்தான். பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி என்னிடம் நீட்டினார். இருவரும் பேசவில்லை. மூடியைத் திருப்பிக் கொடுத்தபோது "33 வருஷம்" என்றார். அவ்வளவுதான், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரமே என் சிடி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு சபை வாலிபர் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். துக்க வீட்டில் துணிமணியைக் கொடுத்துவிடுவது போல. ஐந்தே வருஷத்தில் 'கிளாசிக் பெட்ரா' என்ற பெயரில் திரும்பி வருவதாக அறிவிப்பு. அப்புறம் 40ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணம். அப்புறம் 50ஆம் ஆண்டு. ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த பிளாஸ்க் மூடிதான் ஞாபகம் வருகிறது. அவருக்கும் ஏமாந்தது போல இருந்திருக்குமா?

வோல்ஸ்கட்சி:

ஜெபா பிரதர், 2005இல் விடைபெற்றது ஜான் ஷ்லிட் பாடிய காலத்துப் பெட்ரா. என் பெட்ரா 1985ஓடு முடிந்தது. அதுவரை பாடிய கிரெக் வோல்ஸ் போனபோது யாரும் காப்பி ஊற்றிக் கொடுக்கவில்லை. அதனால் 2010இல் வோல்ஸ், குழுவைத் தொடங்கிய கிடாரிஸ்ட் பாப் ஹார்ட்மன், ஜான் லாரி, மார்க் கெல்லி, டிரம்மர் லூயி வீவர் ஐந்து பேரும் சேர்ந்து வந்தது எங்களுக்கு வர வேண்டிய பாக்கி. 25 வருஷம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

என் கதை 1984. சிகாகோ புறநகர், எனக்குப் பதினாலு வயது. எங்கள் சபைக்கு வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். ராக் இசைத்தட்டுகளைப் பின்னோக்கிச் சுற்றினால் பிசாசின் குரல் கேட்கும் என்றார். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் இதே பேச்சு. அவர் பட்டியலில் பெட்ராவும் இருந்தது, கிறிஸ்தவக் குழு என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. என்னிடம் 'மோர் பவர் டு யா' எல்பி இருந்தது. அப்பா இரவு வேலைக்குப் போனதும் தட்டை விரலால் பின்னால் தள்ளிப் பார்த்தேன். 'ஜூடஸ் கிஸ்' பாட்டின் தொடக்கத்தில் நிஜமாகவே ஒரு குரல்! ஆண்டவரைத் தேட வேண்டிய நேரத்தில் பிசாசை எதற்குத் தேடுகிறாய் என்று கேட்கிறது. இந்த மாதிரி ஆட்களுக்காகவே 1982இல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் கூட்டத்தில் பிளேயரில் வைத்துக் காட்டினேன். பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஊசியை மெதுவாகத் தூக்கி ஓரமாக வைத்தார். தட்டை உறையில் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் திரும்பக் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று நாற்பது வருஷமாக யோசிக்கிறேன்.

ஷ்லிட் ரசிகர்கள் இனி வரிசையாக வருவார்கள். வரட்டும்.

நிலக்கரி:

வந்துவிட்டேன். பெட்ரா வாங்கிய நாலு கிராமி விருதும் ஷ்லிட் பாடிய ஆல்பங்களுக்கு. 1990இன் 'பியாண்ட் பிலீஃப்', பிறகு 'அன்ஸீன் பவர்', 'வேக்-அப் கால்', 'டபுள் டேக்'. வோல்ஸ் குரல் இனிமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இனிமை வேறு, அடிவயிற்றிலிருந்து வருவது வேறு.

என் பெயர் ஏன் இது என்று தெரிந்திருக்கும். ஹெட் ஈஸ்ட் என்ற ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்த ஷ்லிட்டைப் போதைப்பழக்கத்தால் 1980இல் வெளியே அனுப்பினார்கள். பிறகு மனம் திரும்பி, பாட்டை அடியோடு விட்டுவிட்டு, சுரங்கப் பொறியாளராக வேலை பார்த்தார். ஹார்ட்மனின் அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். குடிப்பவர்களுக்கு இந்த மாதிரி சாட்சி எப்படிக் கேட்கும் என்று குடித்தவனுக்குத்தான் தெரியும்.

2003, ஒஹாயோ. கச்சேரி முடிந்து கையெழுத்து வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: உங்களைப் பார்த்து நானும் விட்டுவிட்டேன் என்று. எனக்கு முன்னால் இரண்டே பேர். அப்போது ஒரு மூச்சு விட்டேன், என் வாய் நாற்றம் எனக்கே வந்தது. அன்று சாயங்காலம் வண்டியிலேயே இரண்டு பீர் போட்டிருந்தேன், தைரியத்துக்கு. வரிசையை விட்டு நழுவினேன். பின்னால் நின்ற அம்மா "உங்க முறை வருதே" என்று கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் ஜெபா, விடைபெற்றவர்கள் திரும்பி வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 40ஆம் ஆண்டுச் சுற்றில் குடும்பத்தோடு போனேன், குடியை விட்டு ஏழு வருஷம் ஆன பிறகு. பேசினேனா என்று கேட்பீர்கள். இல்லை. மகளுக்குத் தூக்கம் வந்துவிட்டது, கிளம்பிவிட்டோம்.

கேசட்வைத்தியர்:

என்னுடையது சின்னக் கதை. 1991, டல்லஸ், என் மச்சானின் கார். 'பியாண்ட் பிலீஃப்' கேசட்டை டெக் விழுங்கிவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, பேனாக்கத்தியால் நாடாவை முழம் முழமாக இழுத்து எடுத்தோம். லாரி போகும் காற்றில் அது முகத்தில் சுற்றியது. மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை, பென்சிலால் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் இப்போது இல்லை.

சரி, பழைய கேசட் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். எடுத்தவுடன் போடாதீர்கள். முதலில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வேகமாக ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த நாடா தளரும். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், காய்ந்த பிறகு போடுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அதிகம் காட்டாதீர்கள், நாளடைவில் வெடிக்கும். கேசட்டின் வாயில் சின்னக் கம்பளித் துண்டு இருக்கும், நாடாவை ஹெட்டோடு அழுத்துவது அதுதான். பசை காய்ந்து விழுந்திருந்தால் வேண்டாத கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். கூடு ஸ்க்ரூ போட்டதாக இருந்தால் பிரிக்கலாம், ஒட்டியதாக இருந்தால் கத்தி வைக்க வேண்டும், விரல் பத்திரம். ஒலி மங்கலாக இருந்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஹெட்டின் பக்கத்தில் குட்டி ஸ்க்ரூ ஒன்று இருக்கும். பாட்டு ஓடும்போதே அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிப் பாருங்கள், சிம்பல் ஒலி எந்த இடத்தில் பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். கணினியில் ஏற்றும்போது சுருக்காத கோப்பாக ஏற்றுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று முதலிலேயே கை வைக்காதீர்கள், இரைச்சலோடு லூயி வீவரின் சிம்பலும் போய்விடும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டன் பற்றித் தனியாக எழுத வேண்டும், நாளை எழுதுகிறேன்.

மேரி அக்கா:

தம்பி, இங்கே யார் கேசட்டைக் கேட்டார்கள்? ஆனால் உங்கள் மச்சான் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

50ஆம் ஆண்டுச் சுற்றில் ஒரு கச்சேரி. ஷ்லிட் 1950இல் பிறந்தவர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரங்கு முழுக்க என் வயசுக்காரர்கள். முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். இரண்டாவதுக்கும் நின்றோம். மூன்றாவது பாட்டின் நடுவில் ஒருவர் உட்கார்ந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் வரிசை வரிசையாக, காற்றில் நெல் சாய்வது போல. மூட்டு விடவில்லை. மேடையில் அந்த மனிதர் மட்டும் நின்றுகொண்டே பாடினார். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தார். காது வேண்டாம், பாட்டு மட்டும் வேண்டும்! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் நான் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அதைத் திருத்திச் சொல்லாமல் விட்டேன், அதுதான் உறுத்துகிறது.

ஜெபா, ஏமாற்றம் என்கிறீர்களே. ஹார்ட்மன் 1995லேயே சுற்றுப்பயணத்தை நிறுத்தியவர், 2003இல் திரும்பி வந்தவர். போவதும் வருவதும் அவர்களுக்கு 2005இல் புதிதில்லை. ஆல்பத்துக்கு 'ஃபேர்வெல்' என்று பெயர் வைக்காமல் இருந்திருக்கலாம், அதை வேண்டுமானால் குறையாகச் சொல்லலாம்.

வோல்ஸ்கட்சி:

நிலக்கரி பிரதர், கிராமியை வைத்து இனி சண்டை போடமாட்டேன். அந்த ஒஹாயோ வரிசையைப் படித்த பிறகு முடியவில்லை. ஆனால் வோல்ஸ் பாடிய 'நாட் ஆஃப் திஸ் வோர்ல்ட்' ஆல்பம் 1983 என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடைசிவரிசை ஜெபா:

பெயர் வைத்ததில்தான் குறை என்றால் நானும் அக்கா பக்கம். மற்றபடி இன்னும் சமாதானம் ஆகவில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டேன். பெட்டியில் எல்லாவற்றையும் போடவில்லை. 'மோர் பவர் டு யா' கேசட் ஒன்று அலமாரியில் இருக்கிறது, இருபது வருஷமாக ஓட்டவில்லை. நேற்று எடுத்துப் போட்டேன், போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல வருகிறது. வைத்தியரே, அந்தக் குட்டி ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருக வேண்டும்?