32 கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்பியும் ஒரு பதிலும் இல்லை, எங்கே தப்பு?

கரண்ட்_கம்பி, இரவு 11.48

எல்லோருக்கும் வணக்கம். அவசரம். இன்ஜினியரிங் முதலாமாண்டு. மே, ஜூன் லீவில் இன்டர்ன்ஷிப் போக வேண்டும். சீனியர் ஒருவர் கொடுத்த மாதிரியை வைத்து ரெஸ்யூம் செய்தேன், இதுவரை 32 கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன், வேண்டாம் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. போடுவதற்கும் என்னிடம் ஒன்றும் இல்லை, ப்ளஸ் டூ மார்க்கும் பைதான் லேபும்தான், ஒரு பக்கம் நிரம்பவே மாட்டேன் என்கிறது. கிளாஸில் பாதிப் பேருக்குக் கிடைத்துவிட்டது. என்ன மாற்றுவது, சீக்கிரம் சொல்லுங்கள்.

டெஸ்டர் பாண்டி

எந்த பிராஞ்ச்? எந்த ஊர்? எந்த மாதிரிக் கம்பெனிக்கு அனுப்பினாய் தம்பி? ரெஸ்யூமையும் போடவில்லை. உடம்பை வீட்டில் வைத்துவிட்டு வந்து காய்ச்சல் என்றால் டாக்டர் எதைத் தொட்டுப் பார்ப்பார்?

ராத்திரி ஷிப்ட்

ரெஸ்யூமை எப்படி அனுப்பினீர்கள்? மெயிலா, கம்பெனி வெப்சைட்டில் ஏற்றினீர்களா, வாட்ஸ்அப்பா?

ஒற்றைப் பத்தி

பிராஞ்ச் எல்லாம் அப்புறம். இது ஏடிஎஸ் கோளாறு, அதாவது கம்பெனிகள் ரெஸ்யூமை வடிகட்ட வைத்திருக்கும் சாஃப்ட்வேர், சந்தேகமே வேண்டாம். சீனியர் கொடுத்தது என்றால் கான்வாவில் செய்த இரண்டு பத்தி டெம்ப்ளேட்டாக இருக்கும், இடப்பக்கம் நீலப் பட்டை, பைதானுக்கு 5-க்கு 4 நட்சத்திரம் என்று. சாஃப்ட்வேருக்கு நட்சத்திரம் புரியாது, இரண்டு பத்தியையும் குறுக்கே சேர்த்துப் படித்து உளறும். பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயரும் போன் நம்பரும் ஒழுங்கான வரிசையில் வந்தால் சரி, கஞ்சியாக வந்தால் அதுதான் காரணம்.

கீபோர்டு சித்தர்

இதே கேள்விக்கு 2019-லிருந்து நான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பழக்கமே இந்த பேட்ச் பிள்ளைகளிடம் இல்லை, அது இருந்தால் பாதி இன்ஜினியர் ஆகியிருப்பார்கள். முதலாமாண்டில் இன்டர்ன்ஷிப்புக்கு என்ன அவசரம்? கிட்ஹப்பில் தினமும் ஏதாவது புரோகிராம் ஏற்று, கூகுள் நடத்தும் கோடிங் திட்டமான சம்மர் ஆஃப் கோடுக்குத் தயாராகு. ரெஸ்யூமை வேர்டில் செய்திருப்பாய், அதை விட்டுவிட்டு, கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக்ஸ் கற்றுக்கொள். கடைசியில் உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து இருக்கிறதா? இல்லை என்றால் அது ரெஸ்யூமே இல்லை, துண்டுச் சீட்டு.

டெஸ்டர் பாண்டி

சித்தரே, சம்மர் ஆஃப் கோடில் பதிவு செய்யும்போதே 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலாமாண்டில் பலருக்கு 17தான். தவிர, கேட்பது கோடிங் ஆளா என்றே இன்னும் தெரியவில்லை.

கரண்ட்_கம்பி, காலை 7.15

மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். தம்பி இல்லை, தங்கை. இஇஇ (எலக்ட்ரிக்கல்) பிராஞ்ச், கோயம்புத்தூர். மோட்டார், பம்ப், பேனல் போர்டு செய்யும் கம்பெனிகளுக்குத்தான் பெரும்பாலும் அனுப்பினேன், ஏழெட்டு ஐடி கம்பெனிக்கும் அனுப்பினேன். முதல் செமஸ்டர் ஜிபிஏ 7.4, அரியர் இல்லை. நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன் அண்ணா, வரிசையாகத்தான் வருகிறது. மெயிலில்தான் அனுப்பினேன். உறுதிமொழி இருக்கிறது. லீவில் அப்பா கடையில் உதவி செய்வேன், ஆனால் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைதான், அதையெல்லாம் ரெஸ்யூமில் போட முடியாதே.

பேனல் போர்டு

ஏன் போட முடியாது? நான் திருச்சி துவாக்குடியில் ஒரு சின்ன யூனிட்டில் சூப்பர்வைசர், 14 வருஷமாக. கோடையில் வரும் காலேஜ் பிள்ளைகளை நான்தான் எடுக்கிறேன். எனக்கு வருகிற ரெஸ்யூம் எல்லாம் ஒரே அச்சு: பைதான், சி, டீம் ஒர்க், லீடர்ஷிப், புத்தகம் படிப்பது. நோக்கம் என்று மேலே நாலு வரி, சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட வேண்டும் என்று. அதை நான் படிப்பதே இல்லை.

நீ கடையில் என்ன செய்வாய் என்று சொல்லு தங்கச்சி. பழைய காயிலை வெட்டி எடுக்கும்போது சுற்று எண்ணிக் குறித்து வைத்திருக்கிறாயா? கம்பியின் கேஜ் அளந்திருக்கிறாயா? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?

கரண்ட்_கம்பி

சுற்று எண்ணி நோட்டில் எழுதுவது எப்போதும் என் வேலைதான், அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. மைக்ரோமீட்டரில் கம்பி அளப்பேன். 1 ஹெச்பி மோனோபிளாக் பம்ப் மோட்டார்தான் அதிகம் வரும், 24 ஸ்லாட், ரன்னிங் காயிலும் ஸ்டார்ட்டிங் காயிலும். ஸ்லாட்டில் பேப்பர் போட்டுக் காயில் இறக்குவேன். சப்மெர்சிபிளுக்கு வேறு கம்பி, மேலே பிளாஸ்டிக் சுற்றியது, அதை அப்பா மட்டும்தான் தொடுவார். வார்னிஷ் காய்ந்ததும் இன்சுலேஷன் சரியா என்று மெகரில் நான்தான் பார்ப்பேன். பத்தாவது லீவிலிருந்து போகிறேன். எத்தனை மோட்டார் என்று எண்ணியதில்லை.

பேனல் போர்டு

எண்ணு. அப்பாவிடம் பில் புக் இருக்கும், அதைப் புரட்டு. 40 என்றால் 40 என்று போடு, தெரியாததை 100 ஆக்காதே, நேரில் வந்ததும் நான் முதலில் கேட்கப் போவதே அதைத்தான். இப்போது இதை ஆங்கிலத்தில் ரெண்டே வரியில் எழுது: எரிந்த 1 ஹெச்பி மோட்டாரில் சுற்று எண்ணிக்கையும் கம்பி கேஜும் எடுத்து, 24 ஸ்லாட் ஸ்டேட்டருக்கு மறுபடி காயில் கட்ட உதவி, 500 வோல்ட் மெகரில் இன்சுலேஷன் சோதித்தேன், இத்தனை மோட்டார், இந்த வருஷத்திலிருந்து. ப்ளஸ் டூ மார்க்குக்கு மேலே இது வர வேண்டும். கடைக்குப் பெயர் இருந்தால் அந்தப் பெயரையே போடு, அப்பா கடை என்று வெட்கப்பட என்ன இருக்கிறது. முதலாமாண்டில் மெகரைக் கையில் பிடித்த பிள்ளை என் மேசைக்கு வந்ததே இல்லை.

அப்புறம் இன்ஜினியரிங் பிராக்டிஸ் லேபில் மாடிப்படி வயரிங், சால்டரிங் செய்வீர்களே, அதையும் ஒரு வரி. பக்கம் நிரம்பாவிட்டால் போகட்டும், முக்கால் பக்கம் போதும்.

என்பிடெல் மாமி

சான்றிதழ் எதுவும் இல்லையா? ஒரு நாள் வெபினாருக்கெல்லாம் கொடுக்கிற சான்றிதழை அடுக்க வேண்டாம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ் ஒன்று முடித்தால் அதற்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் 100-ல் 75 மார்க் நேரில் போய் எழுதும் தேர்வுக்கு, மீதி 25 வாராவாரம் அசைன்மென்ட்டுக்கு, தேர்வில் 30-ம் அசைன்மென்ட்டில் 10-ம் எடுக்காமல் சான்றிதழ் வராது. இந்தக் கோடைக்கு உதவாது, அடுத்த வருஷத்துக்கு ஆகும். நான் முதல்வன் கோர்ஸ் காலேஜில் நடந்தால் அதையும் விடாதே. இன்டர்ன்ஷிப் தருகிறோம், 3,000 ரூபாய் கட்டு என்பவர்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதே கண்ணு.

எச்ஆர் மேசை

சீனியர் கொடுத்த மாதிரியில் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனவரா என்றெல்லாம் இருக்குமே, அத்தனையையும் எடுத்துவிடுங்கள். உறுதிமொழியையும். மேற்கண்டவை யாவும் உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதால் ஒருவரை எடுத்தேன் என்று என் 9 வருஷத்தில் ஒரு தடவையும் நடக்கவில்லை.

கீபோர்டு சித்தர்

இதைத்தான் எதிர்பார்த்தேன். நாலு வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு இங்கே வந்து உறுதிமொழி வேண்டாம் என்பது. பொதுத்துறை நிறுவனத்தில் ட்ரெயினிங் கேட்டுப் பாருங்கள், உறுதிமொழி இல்லாமல் வாங்குவார்களா?

எச்ஆர் மேசை

அங்கே அவர்களுடைய படிவமே தனியாக இருக்கும், கல்லூரியின் கடிதமும் கேட்பார்கள், கையெழுத்து அதில் போடுவது. ரெஸ்யூம் வேறு, விண்ணப்பப் படிவம் வேறு. இது ரெஸ்யூம், ஜாதகக் குறிப்பு இல்லை.

ஒற்றைப் பத்தி

கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டினால் ஏடிஎஸ் அதைப் படமாக

கீபோர்டு சித்தர்

ஏடிஎஸ், ஏடிஎஸ். கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற 20 பேர் யூனிட்டில் எவனிடம் ஏடிஎஸ் இருக்கிறது? ஓனர் போனில் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

பேனல் போர்டு

சித்தர் சொன்னதில் முதல் தடவையாக ஒன்று சரி. நானும் போனில்தான் பார்க்கிறேன். அதற்கு லேடெக்ஸ் எதற்கு என்று மட்டும் புரியவில்லை.

கீபோர்டு சித்தர்

எழுத்து இடைவெளியின் அருமை தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ராத்திரி ஷிப்ட்

எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ரெஸ்யூம் சுமார் என்றாலும் 32-ல் ஒருவராவது இடம் இல்லை என்று எழுதுவார்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் எனக்கு என்னவோ அது போய்ச் சேரவே இல்லை என்றுதான் படுகிறது. முதலிலேயே கேட்டேன். கரண்ட்_கம்பி, மெயிலில் பிடிஎஃப்பை இணைத்தீர்களா, லிங்க் கொடுத்தீர்களா?

கரண்ட்_கம்பி

லிங்க்தான் அண்ணா, டிரைவில் வைத்திருக்கிறேன். அதில் திருத்தினால் எல்லோருக்கும் புதுசு தெரியும் என்று சீனியர் சொன்னார். என் போனில், ஃப்ரெண்ட்ஸ் போனில் எல்லாம் திறக்கிறதே.

ராத்திரி ஷிப்ட்

எந்த மெயிலின் டிரைவ்? கல்லூரி கொடுத்த மெயில் ஐடியிலா? அந்த ஃப்ரெண்ட்ஸும் அதே கல்லூரியா?

ஆமாம் என்றால் விஷயம் அதுதான். பல கல்லூரிகளில் அந்தக் கணக்கிலிருந்து வெளியாட்களுக்கு ஃபைலைக் காட்ட முடியாதபடி அட்மின் பூட்டியிருப்பார்கள். உங்களுக்கும் வகுப்பில் இருப்பவர்களுக்கும் திறக்கும், கம்பெனிக்காரருக்கு அனுமதி கேளுங்கள் என்றுதான் வரும். யாராவது கேட்டிருந்தாலும் அந்தக் கோரிக்கை கல்லூரி மெயிலுக்குத்தான் வந்திருக்கும். அதைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? அம்மா போனில் இன்காக்னிட்டோவில், அதாவது லாகின் எதுவும் இல்லாமல், அந்த லிங்க்கைப் போட்டுப் பாருங்கள்.

டெஸ்டர் பாண்டி

ஆள் ஓடிப் போய்ப் பார்க்கிறது போல.

கீபோர்டு சித்தர்

லேடெக்ஸில் செய்திருந்தால் பிடிஎஃப்தான் கையில் வந்திருக்கும், லிங்க் பிரச்சினையே வந்திருக்காது என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒற்றைப் பத்தி

வேர்டிலும் பிடிஎஃப் வரும் ஐயா, 2007-லிருந்து.

என்பிடெல் மாமி

ரெண்டு நாள் ஆயிற்று. பிள்ளை என்ன ஆனாள்?

கரண்ட்_கம்பி, 4 நாள் கழித்து

சாரி, இன்டர்னல் டெஸ்ட். கல்லூரி மெயிலைத் திறந்தேன், 5 பேர் அனுமதி கேட்டிருக்கிறார்கள், ஒருவர் ரெண்டு தடவை. பிடிஎஃப் இணைத்து, மன்னிப்பும் கேட்டு, 32 பேருக்கும் திரும்ப அனுப்பினேன். பில் புக்கில் எண்ணினால் நான் கடையில் இருந்த லீவு மாதங்களில் மட்டும் 61 மோட்டார், அதை முதலில் போட்டேன். பம்ப் கம்பெனி ஒன்றில் சனிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்பாவையும் கூட்டி வரச் சொன்னார்கள், ஏன் என்று தெரியவில்லை. ராத்திரி ஷிப்ட் அண்ணாவுக்கும் பேனல் போர்டு அண்ணாவுக்கும் நன்றி.

பேனல் போர்டு

அப்பாவுக்கு வேலை கொடுக்கப் பார்க்கிறார்கள், உஷார்.

கீபோர்டு சித்தர்

உறுதிமொழி வைத்தாயா, எடுத்தாயா?