தனுஷ்கோடியில் கண்டது பட்டைவால் மூக்கனா, கருவால் மூக்கனா?

நெய்தல்நிலன்:
தனுஷ்கோடியின் ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பில், சனவரி நண்பகலில், பவளக்காலிப் பறவைகளுக்கிடையே நின்ற, நீண்ட அலகுடைய இக்கரைப்பறவையைப் பட்டைவால் மூக்கன் என்று, பறவைப் பதிவுகளைத் தொகுக்கும் இ-பேர்ட் தளத்தில் பதிந்துள்ளேன். அலகின் நுனி மேல்நோக்கி வளைந்திருப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

வலசைநோக்கி:
அன்பரே, இப்பதிவை ஏற்க எனக்குத் தயக்கமுண்டு. நண்பகல் வெயிலில் மணலிலிருந்து எழும் கானல், தொலைவிலிருந்து எடுக்கும் படத்தில் நேரான அலகையும் வளைத்துக் காட்டிவிடும். நம் கரைகளுக்குக் கருவால் மூக்கன் பெருங்கூட்டமாக வருகிறது. பட்டைவால் மூக்கனோ அரிதாகவே தென்படுகிறது. அரிய பறவை என்று சொல்பவர்தான் சான்றும் தர வேண்டும். பறக்கும் படம் இருக்கிறதா? இறக்கையில் அகன்ற வெள்ளைப் பட்டையும் வாலில் கருமையும் இருந்தால் அது கருவால் மூக்கன்தான்.

நெய்தல்நிலன்:
பறக்கும் படம் இல்லை. ஆயினும் அலகை ஒதுக்கிவிட்டு முதுகைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒவ்வோர் இறகின் நடுத்தண்டை ஒட்டியும் கரும்பழுப்புக் கீற்று ஓடுவதால், கீழ்நோக்கி வளைந்த அலகுடைய கரைப்பறவையான குதிரைமலைக் கோட்டானின் முதுகைப் போல வரிவரியாக இருக்கிறது. குளிர்காலக் கருவால் மூக்கனின் முதுகு ஏறத்தாழ ஒரே சீரான சாம்பல்பழுப்பாகத்தான் இருக்கும். கானலால் அலகை வளைக்க முடியும்; முதுகில் கீற்றுகளை வரைய முடியாது.

கரைமணல்:
காலையும் கவனிக்க வேண்டும். கருவால் மூக்கனுக்குக் கணுவுக்கு மேலே இறகற்ற பகுதி நீளமானது. இப்படத்திலோ மிகக் குட்டையாக இருப்பதால் நான் நெய்தல்நிலன் பக்கமே நிற்கிறேன்.

வலசைநோக்கி:
கால் பற்றிய வாதம் வலுவற்றது. காற்றில் வயிற்று இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் பறவைக்கு அப்பகுதி மறைந்துவிடும். முதுகுக் கீற்றை மறுக்க மாட்டேன், அதுவே இதுவரை வந்த நல்ல சான்று. ஆனால் முதற்குளிர்கால இளம் கருவால் மூக்கனிலும் பழைய இறகுகள் சில எஞ்சி முதுகு கலப்பாகத் தெரிவதுண்டு.

நெய்தல்நிலன்:
எஞ்சிய இறகுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும்; இங்கே தோள் முதல் இறக்கை மூடிகள் (இறக்கையின் மேற்புறத்தை மூடும் சிறு இறகுகள்) வரை கீற்று இடைவிடாமல் தொடர்கிறது.

வலசைநோக்கி:
அவ்வாறெனில் மூலப்படத்தைச் சுருக்காமல் ஏற்றுங்கள். இறக்கை மூடிகளிலும் கீற்று இருந்தால் ஏற்கிறேன். இல்லையேல் இனம் குறிக்காமல் ‘மூக்கன்’ என்று மட்டும் பதிவதே முறை.

நெய்தல்நிலன்:
மூலப்படத்தை இன்றிரவே ஏற்றுகிறேன். மறுபடியும் அங்கே சென்று, அது பறக்கும் வரை காத்திருந்து இறக்கையையும் படமெடுப்பேன்.