யாரோடு இருந்தீர்கள் என்று கேட்பது என் வேலையாக இருந்தது

2021-ல் பயணிகள் கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது நான் அப்படி ஒரு கப்பலில் கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் இருந்தேன். பில்லில் தகராறு, ஏசி ஓடவில்லை, பெட்டி வந்து சேரவில்லை என்று வருபவர்களைச் சமாளிப்பதுதான் வழக்கமான வேலை. அந்தப் பணி ஒப்பந்தக் காலத்தில் எங்களில் நாலு பேரைப் பிரித்து, தொடர்புத் தடமறியும் குழு என்று சொல்லி, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். யாருக்காவது கொரோனா பாசிட்டிவ் என்றால் மருத்துவ அறையிலிருந்து போன் வரும். அதற்கு முந்தைய 2 நாளில் அவர் யார் யார் பக்கத்தில் இருந்தார் என்று நாங்கள் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். 6 அடிக்குள், 24 மணி நேரத்தில் எல்லாம் கூட்டி 15 நிமிடம் இருந்தால் நெருங்கிய தொடர்பு. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி வைத்த கணக்கு அது. எங்கள் கப்பலிலும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

முதலில் அவருக்கே போன் செய்து கேட்போம். அப்புறம் அவருடைய கார்டு எந்தக் கதவில், எந்தக் கடையில் பதிந்திருக்கிறது என்று பட்டியல் எடுப்போம். கடைசியில் சிசிடிவி. ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், ஒரு கையில் பேனா. லிஃப்டில் கூட வந்தவர் 1 நிமிடம், விட்டுவிடலாம். சாப்பாட்டு மேஜையில் எதிரே இருந்தவர் 50 நிமிடம், எழுத வேண்டும். ஒருவருடைய 2 நாளைப் பார்த்து முடிக்க எனக்கு 5 மணி நேரம் ஆகும். முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் தனியாக நடக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வதையும், இன்னொருவர் மனைவி திரும்பிய நேரம் பார்த்து மாத்திரையைத் தொட்டிச் செடிக்குள் போடுவதையும் பார்த்திருக்கிறேன். நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பார்க்காமல் அடுத்த காட்சிக்குப் போக முடியாது.

எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக வந்திருந்தார். கணவரும் அவருமாகச் சேர்ந்து பதிவு செய்த பயணம். கொள்ளைநோயால் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் கணவர் இல்லாமல் இவர் மட்டும் வந்தார். 4-ம் நாள் அவருக்குப் பாசிட்டிவ். போனில் நிதானமாக எல்லாம் சொன்னார். மேஜையில் இருந்த தம்பதி, நூலகத்தில் பக்கத்தில் இருந்தவர், ஓவிய வகுப்பு, ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு சுத்தமாகச் சொன்னவர் யாருமில்லை என்றுதான் நினைத்தேன்.

சிசிடிவியில் பார்த்தால், முந்தின இரவு 10 மணிக்கு, கப்பலின் பின்பக்கத் திறந்த தளத்தில் அவர் இருக்கிறார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், சின்னப் பையன், அருகில் வந்து நின்று பேசுகிறான். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்காருகிறான். அந்த அம்மா பையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டுகிறார். அவன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, போட்டோவை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்க்கிறான். 22 நிமிடம்.

பயணிகளின் நாற்காலியில் ஊழியர் உட்காரக் கூடாது. முகக்கவசத்தை இறக்கவே கூடாது. இரண்டில் ஒன்று போதும், வேலை போய்விடும். அந்த அம்மா அவனை மட்டும் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

மறுபடி போன் செய்தேன். நீண்ட நேரம் பேச்சில்லை. அப்புறம், "நான்தான் அவனை உட்காரச் சொன்னேன். அவன் வேலைக்கு ஒன்றும் வராது என்று நீங்கள் சொன்னால் நானும் சொல்கிறேன்" என்றார். "இது நோய்க்காக மட்டும்தான் அம்மா, வேறு எதற்கும் போகாது" என்றேன். அப்படிச் சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நானும் அதை நம்பித்தான் சொன்னேன்.

அன்றைக்கே அவனைத் தனிக் கேபினுக்கு மாற்றினார்கள். 3 நாளில் அவனுக்கும் பாசிட்டிவ். அவனோடு ஒரே மேஜையில் சாப்பிடும் 8 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த மட்டில் என் வேலை செய்ய வேண்டியதைச் செய்தது.

பிறகு அவனுடைய மேலதிகாரி வீடியோ கேட்டார். மருத்துவ அறை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை, ஏனென்றால் சிசிடிவி பாதுகாப்புப் பிரிவின் கையில் இருந்தது. எந்தக் கேமரா, எத்தனை மணி என்பதெல்லாம் நான் நிரப்பிய படிவத்திலேயே இருந்தது. அந்தப் படிவம் யார் யார் மேஜைக்குப் போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தனிமை முடிந்து வெளியே வந்த கையோடு அவனிடம் ஒரு கடிதம் கொடுத்து, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். கடிதத்தில் "22 நிமிடம்" என்று இருந்ததாம். நான் எண்ணிய 22.

அதற்கு அடுத்த முறை ஊழியர்கள் பகுதியில் பாசிட்டிவ் வந்தபோது நான் 11 பேருக்குப் போன் செய்தேன். 11 பேரும், "கேபினில் தூங்கிக்கொண்டிருந்தேன், யாரோடும் பேசவில்லை" என்றார்கள். ஊழியர் கேபினுக்குள் கேமரா கிடையாது. அந்த முறை எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இது போல உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். பயணியாக இருந்தாலும் சரி, ஊழியராக இருந்தாலும் சரி.

*

கேபின் ஸ்டீவர்டாக இருந்தவர்

அக்கா, அந்த 11 பேரில் ஒருவனாக நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பயணிகளின் விவரத்தை மறைக்கவாவது ஒரு முயற்சி நடக்கும். எங்களுக்கு அதுவும் இல்லை. நான் இருந்த கப்பலில் தனிமைப்படுத்தப்பட்ட ஊழியர்களின் பட்டியலை க்ரூ மெஸ், அதாவது ஊழியர்கள் சாப்பிடும் அறையின் கதவில் ஒட்டினார்கள். பெயர், துறை, கேபின் எண் எல்லாம் அதில் இருக்கும். "உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்றார்கள். என் பெயர் அதில் 9 நாள் இருந்தது. திரும்பி வேலைக்குப் போன பிறகும் சலவைப் பிரிவில் என் சீருடையை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார்கள்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் தொற்றோடு நின்றதை எல்லோரும் படித்திருப்பீர்கள். கப்பலில் மொத்தம் 3,711 பேர், அதில் 1,045 பேர் ஊழியர்கள். பயணிகளைக் கேபினுக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஊழியர்கள் வேலை செய்துகொண்டே இருந்தார்கள், ஒரே கேபினில் இருவர் மூவராகப் படுத்தார்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசியில் தொற்று வந்தவர்கள் 712 பேர். அந்த நிலையில் தடமறிந்து என்ன செய்வது? எல்லோரும் எல்லோருக்கும் நெருங்கிய தொடர்புதானே. ஊழியரின் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசும் முன்பு அவருக்கு ஒரு தனிப் படுக்கை வேண்டும்.

*

குடும்பத்தோடு பயணம் செய்தவர்

எனக்குப் பாசிட்டிவ் என்பதை ஒருவரும் வாய் திறந்து வெளியே சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டுதான் சொன்னது. மற்ற கேபின்களுக்கு ஊழியர் கதவைத் தட்டி உள்ளே கொண்டுவந்து வைப்பார். எங்கள் கதவுக்கு முன்னால் மட்டும் ஒரு ஸ்டூலைப் போட்டு, மூடிய பெட்டியை வைத்துவிட்டுத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். கீழே சிவப்புப் பை. நீளமான காரிடாரில் நூறு கதவு, ஒரு ஸ்டூல்.

யாரோ அதைப் படம் எடுத்து, அந்தப் பயணத்துக்காகப் பயணிகளே ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கதவு எண் தெளிவாகத் தெரிந்தது. அதே குழுவில் என் மகளும் இருந்தாள், அவளுக்கு 13 வயது. "அந்தக் கேபின் குடும்பம் முதல் நாளே இருமிக்கொண்டிருந்தது" என்று ஒருவர் எழுதியிருந்ததை அவள்தான் படித்துக் காட்டினாள். நாங்கள் இருமவே இல்லை. புகார் சொன்னபோது கவுண்டரில், "படத்தில் உங்கள் பெயர் இல்லையே" என்றார்கள். கப்பலில் கேபின் எண்தானே ஆளின் பெயர்! காலையிலிருந்து ராத்திரி வரை எல்லா இடத்திலும் அதைச் சொல்லித்தானே நடமாடுகிறோம்.

பெரிய சர்வரில் இருக்கும் தகவலைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். தயவுசெய்து அந்த ஸ்டூலைப் பற்றியும் யாராவது யோசியுங்கள். எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரி வைத்திருந்தால் போதும், எங்களை யாருக்கும் தெரிந்திருக்காது.

*

மென்பொருள் துறையில் இருப்பவர்

கையில் கட்டும் பட்டை, கழுத்தில் மாட்டும் வில்லை பற்றி ஒரு வார்த்தை. ராயல் கரீபியன் கப்பல்களில் 'டிரேஸ்லெட்' என்ற பட்டை கொடுத்தார்கள். பிரின்சஸ் கப்பல்களில் நாணயம் அளவு மெடாலியன் 2017-லிருந்தே இருக்கிறது. கதவு திறக்க, பணம் கட்ட, குடும்பத்தில் யார் எங்கே என்று பார்க்க வந்த பொருள் அது. கொள்ளைநோய் வந்ததும் அதையே தடமறியவும் பயன்படுத்தினார்கள். ஒரு காரியத்துக்கு வந்தது இன்னொரு காரியத்துக்கு எவ்வளவு லேசாகத் திரும்புகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவை அனுப்பும் ப்ளூடூத் சிக்னலுக்குச் சுவர் ஒரு தடையே இல்லாமல் போவதும் உண்டு, இரும்பில் பட்டுத் திரும்பிக் குழப்புவதும் உண்டு. நான் போன கப்பலில் பக்கத்துக் கேபின்காரரோடு 6 மணி நேரம் நெருங்கிய தொடர்பில் இருந்ததாக எனக்குப் போன் வந்தது. அவர் முகத்தையே நான் பார்த்ததில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் என் தலைமாடு, அந்தப் பக்கம் அவருடையது.

அக்கா சொன்ன அந்த வாக்குறுதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 2020 மார்ச்சில் டிரேஸ்டுகெதர் என்ற தடமறியும் செயலி வந்தபோது, தகவல் தடமறிவதற்கு மட்டும்தான் என்று சொன்னார்கள். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அதைக் கேட்டுப் பெறலாம் என்று தெரியவந்தது. மக்கள் கோபப்பட்டார்கள். அடுத்த மாதமே சட்டம் போட்டு, 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். ஒரு நாட்டில் கேள்வி கேட்க நாடாளுமன்றம் இருந்தது. நடுக்கடலில், வேறெங்கோ ஒரு நாட்டின் கொடி பறக்கும் கப்பலில், அந்தப் பையனுக்காக யார் எழுந்து கேட்பார்கள்?

*

தந்தையைக் கப்பலில் அனுப்பியவர்

நான் கொஞ்சம் மாறாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். என் அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு. அவர் போன கப்பலில், "உங்களோடு நெருக்கமாக இருந்த ஒருவருக்குத் தொற்று" என்று மட்டும் சொன்னார்கள். யார், எங்கே, எப்போது என்று ஒன்றும் சொல்லவில்லை. எந்த மேஜையில் என்று தெரிந்திருந்தால், அதே மேஜையில் இருந்த அவருடைய நண்பருக்கு நாங்களே எச்சரிக்கை செய்திருப்போம். உயிர் பிழைக்கிற பிரச்சினை வந்த இடத்தில் பெயரை மறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்பா தேறி வந்தார். நண்பர் பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

*

தொடங்கியவர்

சார், கோபம் எதற்கு? நீங்கள் கேட்டதில் பாதி முழுக்க நியாயம். எங்கே, எப்போது என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த நண்பரைக் கூப்பிடாமல் விட்டது தடமறிந்தவர்களின் தவறு. பெயரைச் சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆள் பெயர் சொல்ல மாட்டார். என் 11 பேர் சொல்லவில்லையே.

டைமண்ட் பிரின்சஸ் யோகோஹாமா போவதற்கு முன்னால், 2020 ஜனவரி 31 அன்று தைவானின் கீலுங் துறைமுகத்தில் நின்றது. பயணிகள் பகல் முழுக்க ஊர் சுற்றினார்கள். தொற்று இருப்பது அதற்கு அடுத்த நாள்தான் தெரியவந்தது. தைவான் அதிகாரிகள் அவர்கள் போன சுமார் 50 இடங்களை வரைபடத்தில் போட்டு வெளியிட்டார்கள். செல்போன் இருப்பிடத்தை வைத்து, அந்த நேரத்தில் அந்த இடங்களின் அருகே இருந்த 6,27,386 பேருக்கு எச்சரிக்கைச் செய்தி போனது. இடமும் நேரமும் சொன்னார்கள், எந்தப் பயணியின் பெயரும் அதில் இல்லை. அத்தனை லட்சம் பேரின் போன் எங்கே இருந்தது என்று அரசு பார்த்தது என்பது எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் இல்லாமலே எச்சரிக்க முடியும் என்பதை அதில் பார்த்தேன்.

ஸ்டீவர்ட் தம்பி, மெஸ் கதவில் ஒட்டிய பட்டியல் எங்கள் கப்பலிலும் இருந்தது. அதை அச்சடித்தது எங்கள் அறை பிரிண்டர்தான். அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

*

குடும்பத்தோடு பயணம் செய்தவர்

அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?

*

தொடங்கியவர்

பயணம் முடிந்து இறங்குகிற அன்று காலை கேபினிலிருந்து போன் செய்தார். உடம்பு தேறிவிட்டது என்றார். காய்ச்சல் எப்படி இருந்தது, எத்தனை நாள் ருசி தெரியவில்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அந்தத் தம்பிக்குச் சரியாகிவிட்டதா?" என்று கேட்டார்.

அவன் இறங்கிப்போய் அப்போது 2 நாள் ஆகியிருந்தது. "நன்றாக இருக்கிறான் அம்மா" என்றேன். "போட்டோவில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, கண்ணு சிரிக்குது என்றான். அவனிடம் சொல்லுங்கள், நான் கேட்டதாக" என்றார். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அவனுடைய எண் என்னிடம் இல்லை. படிவத்தில் இருந்தது, படிவம் என் கையை விட்டுப் போயிருந்தது.